மரம் குடிக்கும் தண்ணீரை ஒரே எண்ணில் சொல்லலாமா?

சாறோட்டத்தை, அதாவது தண்டுக்குள் தண்ணீர் மேலேறும் வேகத்தை அளந்து, ஒரு மரம் நாளுக்கு இத்தனை லிட்டர் குடிக்கிறது என்று உங்கள் கட்டுரையில் ஒரே எண்ணில் முடித்துவிட்டீர்கள், அந்த எண் எப்படி வருகிறது என்பதையும் சொல்லியிருக்கலாம். 1985-ல் பிரெஞ்சு ஆய்வாளர் கிரானியே வகுத்த முறையில் தண்டுக்குள் இரண்டு ஊசிகளை மேலும் கீழுமாகச் செருகுவார்கள். மேல் ஊசிக்கு மட்டும் சூடு. சாறு வேகமாக ஏறினால் அந்தச் சூட்டை அடித்துக்கொண்டு போய்விடும், இரண்டுக்கும் நடுவே உள்ள வெப்ப வித்தியாசம் குறையும். விடியலுக்கு முன் ஓட்டம் நின்றிருக்கும்போது வித்தியாசம் உச்சத்தில் இருக்கும், அதையே பூஜ்யமாக வைத்துக்கொள்கிறார்கள். இங்கேதான் சிக்கல். காற்று வறண்ட இரவுகளில் பல மரங்கள் முழுதாக ஓய்வதே இல்லை, அப்போது பூஜ்யமே தப்பாகி மொத்தக் கணக்கும் குறைந்துவிடும்.

அப்புறம், வழக்கமான ஊசியின் நீளம் 2 சென்டிமீட்டர்தான். பட்டையை ஒட்டிய வெளிக்கட்டையில் பொதுவாக ஓட்டம் அதிகம், உள்ளே போகப் போகக் குறையும், நடுவிலுள்ள வைரக்கட்டையில் அநேகமாகக் கிடையாது. வெளியே அளந்த வேகத்தை அப்படியே சாறு ஓடும் பரப்பு முழுவதற்கும் பெருக்கினால் லிட்டர் எகிறிவிடும். எந்த ஆழத்தில் அளந்தார்கள், அந்த மர இனத்துக்கென்று கருவியைச் சரிபார்த்தார்களா என்றெல்லாம் கேட்காமல், இது தண்ணீரை உறிஞ்சும் மரம், வெட்டுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை.