தங்கைக்கும் பொறுமை இல்லை, வெயிலுக்கும் இல்லை

சிரி என்றால் சிரிக்காதவள், நான் தலையைக் குனிந்து கேமராவில் எக்ஸ்போஷர் (படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவு) சரிபார்க்கும் நொடியில்தான் அழகாகச் சிரிக்கிறாள். தங்கையை வெளியில் நிறுத்திப் படம் எடுப்பதைவிட அணிலை எடுத்துவிடலாம். உச்சிவெயிலில் எடுத்தால் கண்குழியிலும் மூக்கின் கீழும் கருநிழல் விழும். மாலை வரை பொறு என்றால், "எடுப்பதானால் இப்போதே எடு" என்கிறாள். சரியென்று மரத்தடிக்கு அழைத்துப்போனால், இலை இடுக்கில் இறங்கும் வெயில் கன்னத்தில் வெள்ளைத் திட்டுகளாக அப்பிக்கொள்கிறது. போதாக்குறைக்கு இலைகளின் பச்சை வேறு முகத்தில் ஏறிவிடுகிறது.

50 மி.மீ. லென்ஸின் துளையை அகலத் திறந்து எஃப் 1.8 வைத்தால் பின்னணி மங்கும், உண்மைதான். ஆனால் கிட்டே நின்று எடுக்கும்போது அவள் சற்று முன்னால் சாய்ந்தால் தீர்ந்தது: ஃபோகஸ் நழுவிக் கண் மங்கிவிடும், காதுத் தோடு பளிச்சென்று தெரியும். துளையைச் சுருக்கி எஃப் 4-க்குப் போனாலோ, பின்னால் இருக்கும் குப்பைத்தொட்டி உருவம் பெற்று எழுகிறது. (எங்கே போனாலும் ஒரு குப்பைத்தொட்டி எப்படித்தான் வந்து நிற்கிறதோ!)

இத்தனைக்கும் பிறகு, தேறிய படத்தைக் காட்டினால் "மூக்கு பெரிதாக இருக்கிறது, அழித்துவிடு" என்கிறாள். கிட்டப்போய் எடுத்தால் மூக்கு அப்படித்தான் தெரியும், தள்ளி நில் என்று சொன்னபோது யார் கேட்டது? கடைசியில் அவள் முகப்புப் படமாக வைத்திருப்பது, கைப்பேசியைக் கைநீட்டிப் பிடித்து அவளே எடுத்துக்கொண்டதை.