அருகில் கடை திறந்தால் உடற்பருமன் குறையுமா?

"வீட்டருகே பழமும் மரக்கறியும் விற்கும் கடை திறந்தாலே அப்பகுதியினரின் உடற்பருமன் குறைந்துவிடும்" என்று கொழும்புத் தமிழ்க் குடும்பங்களிடையே வாட்ஸ்அப்பில் பரவும் செய்தி தவறானது.

அமெரிக்காவின் பிலடெல்பியாவில், நல்ல உணவுக் கடைகள் குறைந்த ஒரு பகுதியில் புதிய சூப்பர் மார்க்கெட் திறக்கப்பட்டதன் விளைவை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வு, நல்ல உணவு எளிதில் கிடைப்பதாக மக்கள் உணர்ந்தபோதிலும், அவர்களது உடல் திணிவுச் சுட்டியோ (உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் அளவு, BMI) பழம், மரக்கறி உண்ணும் அளவோ குறிப்பிடத்தக்க விதத்தில் மாறவில்லை என்றே கண்டது. கடை வேண்டாம் என்பதல்ல இதன் பொருள்; கடை மட்டும் போதாது என்பதே.

கொழும்பின் வெள்ளவத்தையில் கீரைக்குப் பஞ்சமில்லை. ஆனால் இரவு எட்டு மணிக்கு அங்குள்ள காலி வீதியில் (Galle Road) பஸ்ஸிலிருந்து களைத்து இறங்குபவருக்கு, வல்லாரையை ஆய்ந்து கழுவி அரிந்து சம்பல் போட நேரம் ஏது? கொத்து ரொட்டிப் பார்சலுடன்தான் அவர் வீடு சேர்கிறார்.