அந்த ஜெனிசிஸ் ஆல்பத்தில் பாடியது பில் காலின்ஸ்தான்

பிரிட்டிஷ் ராக் குழு ஜெனிசிஸின் 'எ ட்ரிக் ஆஃப் தி டெயில்' ஆல்பத்தைப் பாடிக் கொடுத்துவிட்டுத்தான் குழுவின் பாடகர் பீட்டர் கேப்ரியல் விலகிப் போனார், டிரம்மர் பில் காலின்ஸ் அவரை விரட்டிவிட்டுத் தன் பெயரைப் போட்டுக்கொண்டார் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

கேப்ரியல் தானாகவே விலகினார். 1975 ஆகஸ்டில் அது வெளியே தெரிந்தது. காரணங்களைப் பத்திரிகைகளுக்கு அவரே கடிதமாக எழுதினார். ஆல்பம் பதிவானது அதன்பிறகு, லண்டன் டிரைடென்ட் ஸ்டூடியோவில். 1976 பிப்ரவரியில் வெளிவந்தது.

காலின்ஸ் பாடகராக அடித்துப் பிடித்தவரும் அல்ல. பாடகரே வேண்டாம், வாத்திய இசைக் குழுவாகத் தொடரலாம் என்றவர் அவர். பலரை வரவழைத்துப் பாடவைத்துப் பார்த்தார்கள், யாரும் சரிப்படவில்லை. கடைசியில் 'ஸ்குவாங்க்' பாடலை அவர் பாடிப் பார்க்க, வேலை முடிந்தது. அவர் குரல் புதிதும் அல்ல: 1971-லேயே ஜெனிசிஸின் 'ஃபார் ஆப்சென்ட் ஃப்ரெண்ட்ஸ்' பாடல் அவர் பாடியதுதான்.

குரல் ஒற்றுமை குழப்புவது உண்மைதான். இந்த ஆல்பத்தின் 'லாஸ் எண்டோஸ்' முடிவில் கேப்ரியல் காலத்து 'சப்பர்ஸ் ரெடி' பாடலின் வரிகள் மெல்லக் கேட்கும். அதைப் பாடுவதும் காலின்ஸ்தான்.

சந்தேகமிருந்தால் ஆல்பம் உறையைப் பாருங்கள், பாடியவர் பெயர் அதிலேயே இருக்கிறது. அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து மேலே அனுப்ப வேண்டாம்.