ஆடு தின்னாத செடியும் கோழி தின்னும் சோளமும்

கச்சா எண்ணெய் விலை ஏறினால் நம் ஊரில் இரண்டு காரியங்கள் தவறாமல் நடக்கும். ஒன்று, பெட்ரோல் பங்கில் நின்றுகொண்டு அரசாங்கத்தைத் திட்டுவது. இன்னொன்று, மாற்று எரிபொருள் கண்டுபிடித்தாயிற்று என்று ஒரு செய்தி வருவது.

திட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. 2020இல் உலகமே ஊரடங்கில் கிடந்தபோது கச்சா எண்ணெயைச் சீந்துவார் இல்லை. அமெரிக்கச் சந்தையில் ஒரு நாள் விலை பூஜ்யத்துக்கும் கீழே போனது. இங்கே என்ன நடந்தது? பெட்ரோல் மீதான மத்திய கலால் வரி லிட்டருக்கு 32 ரூபாய் 98 காசாக ஏறியது. அடுத்த ஆண்டே சென்னையில் பெட்ரோல் 100 ரூபாயைத் தாண்டியது. ஏறினால் உலகச் சந்தை, இறங்கினால் வரி என்றால் ஜனங்கள் திட்டாமல் வாழ்த்தவா செய்வார்கள்?

அந்த இரண்டாவது காரியத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

1996இல் மூலிகை பெட்ரோல் என்று ஒரு பரபரப்பு. இலையைக் கொதிக்க வைத்து வண்டி ஓட்டலாம் என்றதும் தமிழ்நாடே வாயைப் பிளந்தது. அது கடைசியில் நீதிமன்றப் படியேறியது. அதை விட்டுவிடலாம், அது வேடிக்கை. அதற்குப் பின்னால் வந்தது வேடிக்கை இல்லை.

2003இல் திட்டக் குழு அமைத்த ஒரு குழு, காட்டாமணக்கிலிருந்து பயோடீசல் எடுக்கலாம், 2011-12க்குள் டீசலில் 20 சதவீதம் கலந்துவிடலாம் என்றது. அதற்கு ஒரு கோடி ஹெக்டேருக்கு மேல் நிலம் வேண்டும். குடியரசுத் தலைவராக இருந்த அப்துல் கலாமே மேடைதோறும் காட்டாமணக்கைப் பற்றிப் பேசினார். 2002இன் கடைசி நாளில் தில்லி-அமிர்தசரஸ் சதாப்தி ரயிலை 5 சதவீத பயோடீசல் கலந்து ஓட்டியும் காட்டினார்கள். யாருக்குத்தான் ஆசை வராது?

காட்டாமணக்கு எங்களுக்குப் புதுச் செடி அல்ல. காம்பை ஒடித்தால் கசியும் பாலில் குமிழி ஊதி விளையாடி வளர்ந்தவர்கள் நாங்கள். ஆடு மாடு வாய் வைக்காது என்பதால் வேலியோரம் நடுவார்கள். அதன் கொட்டையைத் தின்றுவிட்டுப் பிள்ளைகள் வாந்தி மயக்கத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போகும் செய்தி இன்றும் நாளிதழ்களில் வருகிறது. அப்படி வேலியில் நின்ற செடியை நிலத்துக்குள் கொண்டுவரச் சொன்னார்கள்.

திருவண்ணாமலைப் பக்கம் என் சித்தப்பா மானாவாரியாக மணிலா (நிலக்கடலை) போட்டுக்கொண்டிருந்த இரண்டு ஏக்கரில் அதை நட்டார். கம்பெனிக்காரர்கள் வீடு தேடி வந்து கன்று கொடுத்தார்கள். தண்ணீர் வேண்டாம், உரம் வேண்டாம், மூன்றாம் வருடம் காய்க்கும், விதையை நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். செடி நன்றாகத்தான் தழைத்தது. காய்தான் வரவில்லை. பிழைத்துக் கிடப்பது வேறு, காய்ப்பது வேறு என்பது மானாவாரி விவசாயிக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் வந்தவர்கள் கையில் காகிதம் இருந்தது, படித்தவர்கள் போட்ட கணக்கு இருந்தது. வந்த கொஞ்சம் விதையை வாங்கவும் ஆள் வரவில்லை. ஜேசிபி வைத்துப் பிடுங்கிப் போட்டுவிட்டு மறுபடி மணிலா விதைத்தார். “ஆடுகூட மோந்து பார்க்காத செடிக்கு நான் நிலத்தைக் கொடுத்தேன் பாரப்பா” என்று இப்போதும் சொல்வார். மணிலா விளைந்த நிலத்தில் காட்டாமணக்கு ஏறிய கதை அந்த மாவட்டத்திலும் கோவைப் பக்கமும் பலருக்கு நடந்தது. தரிசு நிலத்துக்கென்று சொன்ன பயிர், விளைகிற நிலத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலரைத் தொட்டது. அதே டிசம்பரில் 40 டாலருக்கும் கீழே விழுந்தது. காட்டாமணக்குப் பேச்சும் பிறகு மெல்ல அடங்கிவிட்டது.

இப்போது எத்தனால், அதாவது பயிரைப் புளிக்க வைத்து வடிக்கும் ஆல்கஹால். பெட்ரோலில் 20 சதவீதம் கலக்கும் நிலைக்கு 2025இல் வந்துவிட்டோம். முதலில் கரும்பு, பிறகு உடைந்த அரிசி, இப்போது மக்காச்சோளம். நம்மிடம் இருப்பதுதானே, டாலர் மிச்சம், விவசாயிக்கும் நல்ல விலை என்கிறார்கள். விவசாயிக்கு விலை கிடைத்தது உண்மை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு டன் மக்காச்சோளத்தில் ஏறக்குறைய 380 லிட்டர் எத்தனால் வரும். அதாவது லிட்டருக்கு இரண்டரை கிலோவுக்கு மேல் சோளம். ஸ்கூட்டரில் ஐந்து லிட்டர் போட்டால் அதில் ஒரு லிட்டர் எத்தனால். முட்டைக் கோழி ஒன்று ஒரு நாளைக்குத் தின்னும் தீவனம் 110 கிராம் அளவு. அதில் பாதி மக்காச்சோளம் என்று வைத்துக்கொண்டால், ஒருமுறை நாம் பங்கில் நிறுத்திப் போடுவது ஒரு கோழியின் ஒன்றரை மாதச் சோளம். நாமக்கல் பண்ணைக்காரர்கள் தீவன விலை கட்டுப்படியாகவில்லை என்று ஏன் கத்துகிறார்கள் என்று இப்போது புரியும். ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு 2024இல் மக்காச்சோளத்தை இறக்குமதி செய்தது. எண்ணெய் இறக்குமதியைக் குறைக்கப் போய்ச் சோளம் இறக்குமதி!

இவ்வளவும் செய்து விலையாவது குறைந்ததா? சோள எத்தனாலை லிட்டர் 71 ரூபாய் 86 காசுக்கு வாங்குகிறார்கள். அதில் இருக்கும் சக்தியோ பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். மைலேஜ் குறைகிறது என்று வண்டிக்காரர்கள் புலம்புவது பிரமை இல்லை.

எனக்கு எத்தனால் மேல் பகை எதுவும் இல்லை. கரும்பு ஆலையில் மிஞ்சும் மொலாசஸில், அதாவது கழிவுப்பாகில் எடுத்தால் யாருக்கு நஷ்டம்? என் வருத்தமே வேறு. விலை ஏறும்போதெல்லாம் நாம் தேடுவது அதே டேங்க்கில் ஊற்ற இன்னொரு திரவத்தை. பெட்ரோல் எஞ்சினுக்குள் போகும் சக்தியில் முக்கால் பங்கு சூடாகவும் புகையாகவும் போய்விடுகிறது. அந்த எஞ்சினை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்குப் போடும் தீனியை மட்டும் மாற்றிக்கொண்டே இருக்கிறோம்.

நம்மிடம் என்ன இல்லை? தூத்துக்குடியில் காற்றாலை வைத்தது 1986இல். ஆரல்வாய்மொழி கணவாயில் வீசுவது போன்ற காற்று எல்லோருக்கும் வாய்க்காது. ஆனால் அருமையான காற்று வரும் இடங்களை இன்னும் 1990களில் நட்ட குட்டிக் காற்றாலைகள் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. ஒவ்வொன்றும் 225, 250 கிலோவாட். இன்று வருபவை இரண்டு, மூன்று மெகாவாட். காற்று சீசனில் மின்கட்டமைப்பு தாங்காது என்று ஓடுகிற காற்றாலையை நிறுத்தச் சொல்வதும் நடக்கிறது. மிச்ச மின்சாரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி வைத்து, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கும் வித்தை நமக்குத் தெரியாததல்ல. காடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம் 1987 முதல் இருக்கிறது. அதற்கு அடுத்தது குந்தா. அதைக் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள்.

மின்சார வண்டிக்கும் நிலக்கரிதானே எரிகிறது என்று கீழே யாராவது எழுதுவீர்கள். எரிகிறது. அந்த நிலக்கரியின் இடத்தில் நாளைக்குக் காற்று வரலாம், அப்போது வண்டியை மாற்ற வேண்டியதில்லை.

அதைவிட எளிய வழி ஒன்று உண்டு, பஸ். ஒரு லிட்டர் டீசலில் பஸ் ஐந்து கிலோமீட்டர் ஓடினாலும் ஐம்பது பேர் போகிறார்கள். அதே ஒரு லிட்டரில் ஒற்றை ஆளோடு பைக் போவது நாற்பத்தைந்து, ஐம்பது கிலோமீட்டர். தலைக்குக் கணக்குப் பார்த்தால் பஸ் ஐந்து மடங்கு மேல். 2021இல் சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று அறிவித்ததை இலவசம் என்று கேலி செய்தார்கள். என்னைக் கேட்டால், பெட்ரோலை மிச்சம் பிடித்ததில் அதுவும் சேர்த்தி. சென்னையில் 2025 ஜூனில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகளை விட்டார்கள். நல்ல காரியம். மாவட்டங்களின் நிலைமை? எங்கள் தாலுகா ஊரில் கடைசி டவுன் பஸ் இரவு எட்டரைக்கே கிளம்பிவிடுகிறது. ஜவுளிக் கடையிலும் மருந்துக் கடையிலும் வேலை பார்க்கும் பிள்ளைகளைக் கடைக்காரர் ஒன்பதரைக்குத்தான் விடுகிறார். அவர்கள் தவணையில் பைக் எடுக்காமல் வேறு என்ன செய்வார்கள்? பத்து மணிக்கு ஒரு பஸ் விடச் சொல்லிக் கிளை மேலாளரிடம் மனு கொடுத்திருக்கிறோம். ‘வசூல் வராது’ என்பதுதான் பதில்.