காட்டை வெட்டினால் காய்ச்சல் போய்விடுமா?

தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், ஒருவருக்கு டிங்கிக் காய்ச்சல் வந்துவிட்டால் போதும், கோலாலம்பூரில் எந்தக் குடியிருப்போர் வாட்சாப் குழுவிலும் ஒரே பேச்சுத்தான்: "புகை அடிக்கச் சொல்லுங்க, பின்பக்கக் காட்டையும் வெட்டச் சொல்லுங்க." காட்டை வெட்டினால் கொசு போய்விடும் என்ற நம்பிக்கையை நூறு வருடத்துக்கு முன்பே இந்த மண்ணில் சோதித்துப் பார்த்தாயிற்று. அதற்கு விலை கொடுத்தவர்கள் நம் ரப்பர் தோட்டத்து மக்கள். அந்தப் பாடம் நம்மிடையே பேசப்படாமலே போனது எனக்குப் பெரிய ஆதங்கம்.

கொசு மலேரியாவைச் சுமக்கிறது என்று ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டது 1897-இல். நான்கே வருடத்தில், 1901-இல், மால்கம் வாட்சன் கிள்ளானுக்கு அரசு மருத்துவராக வந்தார். கிள்ளான் தாழ்ந்த சதுப்பு நிலம். சுற்றிலும் இருந்த காட்டை வெட்டி, கால்வாய் தோண்டி, நீரை வடியவிட்டார். காய்ச்சல் சரசரவென்று இறங்கியது. அங்கே நோயைப் பரப்பியது அனோபிலிஸ் அம்ப்ரோசஸ் என்ற கொசு. மர நிழலில் தேங்கி நிற்கும் நீரில்தான் அது பெருகும். நிழலும் தேக்கமும் போனதும் அதற்குப் பிழைப்பு இல்லை.

ரப்பர் விலை ஏற ஏற, தோட்டங்கள் குன்றுப் பக்கம் பரவின. அங்கேயும் அதே வைத்தியம் பார்த்தார்கள். காய்ச்சல் குறையவில்லை, கூடியது. காரணம், குன்றுப் பகுதியில் இருந்தது வேறு கொசு: அனோபிலிஸ் மேகுலேட்டஸ். அதற்கு நிழல் ஆகாது. வெயில் படும் தெளிந்த நீர், மெதுவாக ஓடும் ஓடை, குன்றடியில் கசியும் ஊற்று, இவைதான் வேண்டும். காடு இருந்தவரை இருட்டாகக் கிடந்த ஓடையை வெட்டித் திறந்துவிட்டதே மனிதன்தான். போதாக்குறைக்கு, தண்ணீர் எடுக்க வசதி என்று தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களைப் பள்ளத்து ஓடை ஓரமாகவே கட்டிவைத்தார்கள்.

இதற்குக் கண்ட தீர்வுதான் எனக்கு இன்றும் வியப்பு: ஓடையையே மண்ணுக்கடியில் கொண்டுபோய்விடுவது. பள்ளத்தின் நடுவில் குழி வெட்டி, சரிவு மாறாமல் சுடுமண் குழாய்களை ஒன்றோடொன்று முட்டவைத்து அடுக்குவார்கள். மூட்டுகளைப் பூச மாட்டார்கள். அந்த இடுக்கு வழியாகத்தான் நிலத்து நீர் உள்ளே இறங்க வேண்டும். மேலே கல்லைப் பரப்பி மண்ணை மூடுவார்கள். குன்றடியில் ஊற்று கசியும் கோட்டை ஒட்டித் தனிக் குழாய் போட வேண்டும். அதை விட்டுவிட்டால் நடுக்குழாய் எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் ஓரத்தில் ஈரம் நின்று கொசுப்புழு வைக்கும். சரிவு ஓரிடத்தில் தளர்ந்தாலும் வண்டல் அடைக்கும். மரவேர் மூட்டுக்குள் புகும். பெருமழையில் மேல்மண் அரித்துப்போய் நீர் வெளியே உடைத்துக்கொண்டு வந்தால், மறுபடி வெயிலில் ஒரு ஓடை.

குழாய் போடச் செலவு அதிகம். அதனால் பல இடங்களில் கொசுப்புழுவைக் கொல்ல நீரில் எண்ணெய் தெளிப்பதுதான் வழி. மண்ணெண்ணெய் மட்டும் என்றால் சீக்கிரம் ஆவியாகிவிடும். கச்சா எண்ணெய் மட்டும் என்றால் நீரில் பரவாது. அதனால் இரண்டையும் கலந்தார்கள். லயத்தைச் சுற்றி அரை மைல் தூரத்துக்கு, முதுகில் தகரத் தொட்டியோடு ஒருவர் ஓடை ஓரப் புல்லையெல்லாம் நனைத்துக்கொண்டே போவார். வாரம் ஒருமுறை கட்டாயம். வெப்ப நாட்டில் முட்டை கொசுவாகப் பறக்க ஏழிலிருந்து பத்து நாள் போதும் என்பதுதான் கணக்கு. ஒரு வாரம் தவறினால் முந்தைய வார உழைப்பும் வீண். நல்ல மழை பெய்தால் எண்ணெய் அடித்துக்கொண்டு போகும், மறுநாளே திரும்பவும் அடிக்க வேண்டும்.

எந்தக் கொசுவின் புழு என்று பார்த்தாலே தெரியும். அனோபிலிஸ் புழுவுக்கு மூச்சுக்குழல் கிடையாது. நீர்மட்டத்தோடு படுக்கையாக ஒட்டிக் கிடக்கும். டிங்கி பரப்பும் ஏடிஸ் புழு வாலில் இருக்கும் குழலை மேலே நீட்டித் தலைகீழாகத் தொங்கும்.

வாட்சனின் பெருமையை நான் குறைக்கவில்லை. எந்தக் கொசு என்று தெரியாமல் கால்வாய் வெட்டாதே என்று அந்தக் காலத்திலேயே சொன்னவர் அவர். ஆனால் அந்தப் பள்ளங்களில் இறங்கி மண்ணை வெட்டியவர்களும், வண்டல் வாரியவர்களும், எண்ணெய்த் தொட்டி சுமந்தவர்களும் பெரும்பாலும் தமிழர்கள். ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்று மலேரியா மருந்தான கசப்புக் கொய்னா விழுங்கிவிட்டு அந்த வேலைக்குப் போனார்கள். மருத்துவ வரலாற்றில் இவர்கள் வெறும் 'கூலிகள்' என்று கிடப்பது அநியாயம். சரிவு பார்த்துக் குழாய் வைப்பது தொழில்நுட்பம் இல்லையா?

இன்றைய விஷயத்துக்கு வருகிறேன். ஏடிஸ் எஜிப்திக்குக் காடு தேவையே இல்லை. வீட்டுக்குள்ளும் வாசலிலும் நிற்கும் சுத்தமான நீர் போதும். புகை, பறக்கிற கொசுவை மட்டும் கொல்லும். நோய் பரவும் நேரத்தில் அது தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் தண்ணீரில் இருக்கும் புழுவை அது தொடாது. அடுத்த வாரமே புதுக்கொசு பறக்கும். காட்டோரக் கொசு பரப்பும் குரங்கு மலேரியா மலேசியாவில் உண்டு, அது வேறு கதை. அதற்கும் டிங்கிக்கும் ஒரே மருந்து கிடையாது.

வாரம் ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். மழைநீர் வடியும் கூரைத் தகரக் கானில் இலை அடைத்திருக்கிறதா, குளிர்பதனப் பெட்டியின் பின்தட்டில் நீர் நிற்கிறதா, பூந்தொட்டித் தட்டு, குளியலறைத் தொட்டி, பழைய டயர் எல்லாம் பாருங்கள். நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. ஏடிஸ் முட்டை பாத்திரச் சுவரில் ஒட்டிக்கொண்டு காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். கொட்ட முடியாத தொட்டிக்குப் புழுக்கொல்லி மருந்தான அபேட் போடுங்கள், பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவுப்படி.