அசனத்துக்கு வசனம் உண்டா?

நவம்பர் 2, கல்லறைத் திருநாள் சாயந்திரம் கல்லறைத் தோட்டத்தில் ஆரம்பித்த சண்டை எங்கள் வீட்டில் இன்னும் முடியவில்லை. எழுதியாவது தீர்த்துக்கொள்ளலாம் என்றுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் நாசரேத்துக்குப் பக்கம். தலைமுறை தலைமுறையாக சி.எஸ்.ஐ., அதாவது புராட்டஸ்டண்ட். ஆச்சி இறந்து முதல் வருஷம் என்பதால் எல்லாரும் வந்திருந்தோம். கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, கேந்திப்பூ மாலை போட்டு முடித்ததும் மைனி மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். மைனி, அதாவது அண்ணி, மணப்பாட்டுக்காரர், ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கர்). என் சித்தி மகன் தாமிரபரணியில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்து பெந்தெகொஸ்தே சபைக்குப் போனவன். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு நின்றவன் மெதுவாகக் கேட்டான்.

"மைனி, இதுக்கு வசனம் எங்க இருக்கு?"

மைனி தீக்குச்சியை ஊதி அணைத்துவிட்டுத் திரும்பினார்கள். "ஒங்க பைபிள்ல இல்ல தம்பி. எங்க பைபிள்ல இருக்கு. ரெண்டாம் மக்கபேயர், பன்னெண்டாம் அதிகாரம். வீட்டுக்கு வாங்க, காட்டுதேன்."

காட்டவும் செய்தார்கள். போரில் செத்தவர்களுடைய பாவத்துக்காகப் பலி செலுத்தச் சொல்லி யூதா மக்கபே எருசலேமுக்குப் பணம் அனுப்புகிற இடம் அது. தம்பி புத்தகத்தைக் கையில்கூட வாங்கவில்லை. "அது தள்ளுபடி ஆகமம்" என்றான். எங்கள் பக்கம் வேதமாக ஏற்காத புத்தகம் என்று அர்த்தம். 'ஆடித் தள்ளுபடியா சித்தப்பா?' என்று அண்ணன் மகன் கேட்க, சண்டை அந்த நேரத்துக்குச் சிரிப்பில் முடிந்தது. ஆனால் எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. 'வசனம் எங்க?' என்று கேட்டே வளர்ந்தவன் நான். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளியில் முதலில் சொல்லிக்கொடுக்கிறதே அந்தக் கேள்வியைத்தான்.

மைனியின் பைபிளில் 73 ஆகமம், எங்கள் பைபிளில் 66. வித்தியாசமான அந்த ஏழில்தான் மக்கபேயர் இரண்டும் வருகின்றன. 66 என்பதற்கு வசனம் எங்கே இருக்கிறது? ஆதியாகமத்திலிருந்து வெளிப்படுத்தின விசேஷம் வரை தேடினாலும் கிடைக்காது. பொருளடக்கத்தை எந்தத் தீர்க்கதரிசியும் எழுதவில்லை. புதிய ஏற்பாட்டின் 27 புத்தகங்களையும் இன்று நாம் வைத்திருக்கிறபடியே கூட்டாமல் குறைக்காமல் சொல்லும் மிகப் பழைய பட்டியல், அலெக்சந்திரியா பேராயர் அத்தனாசியுஸ் 367இல் தன் சபைகளுக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. அதற்கு முன்னால் எபிரெயர் நிருபத்தைப் பற்றிச் சிலருக்குச் சந்தேகம், வெளிப்படுத்தின விசேஷத்தைப் பற்றி வேறு சிலருக்கு. 1,100 வருஷத்துக்கு மேல் கழித்து வந்து, புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லுத்தரே யாக்கோபின் நிருபத்தை 'வைக்கோல் நிருபம்' என்று எழுதி, அதையும் இன்னும் மூன்றையும் தன் ஜெர்மன் புதிய ஏற்பாட்டின் கடைசியில் கொண்டுபோய் வைத்தார். ரோமச் சபை 1546இல் திரெந்து நகரில் கூடிய பேராயர் சங்கத்தில் தன் பட்டியலுக்கு முத்திரை போட்டது.

அந்த ஏழும் ஆர்.சி.க்காரர்களுக்கு மட்டுமே சொந்தம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லை. தரங்கம்பாடியில் லுத்தரன் மிஷனரிகள் தமிழில் பழைய ஏற்பாட்டை அச்சடித்தபோது, 1728இல் இந்த ஆகமங்களையும் சேர்த்தே அச்சடித்திருக்கிறார்கள். உபதேசத்துக்கு ஆதாரமாக எடுக்கக்கூடாது, வாசித்தால் நல்லது என்பது அவர்கள் கணக்கு. ஆங்கிலிக்கன் சபையின், அதாவது இங்கிலாந்துத் திருச்சபையின், 39 பிரமாணங்களில் 6ஆவதும் அதையேதான் சொல்கிறது. பிறகு 1826இல் பிரிட்டிஷ் வேதாகமச் சங்கம், இனி இவற்றை அச்சடிக்கப் பணம் தருவதில்லை என்று முடிவெடுத்தது. பாளையங்கோட்டை ஊசிக்கோபுரத் தேவாலயம் பிரதிஷ்டையான அதே வருஷம். ஆகவே நம் வீட்டுக் கறுப்பு அட்டை பைபிளின் கனத்தை முடிவு செய்ததில் லண்டனில் கூடிய ஒரு கமிட்டிக்கும் பங்கு உண்டு.

இதைச் சொன்னதும் தம்பி ஒரு பதில் சொன்னான். நல்ல பதில். "அண்ணே, ஆசாரி உரைகல்லுல உரசிப் பாத்து தங்கம்னு சொல்லுதான். அவன் சொன்னதாலயா அது தங்கமாச்சு? சபை வேதத்த உண்டாக்கல. இதுதான் வேதம்னு அடையாளம் கண்டுச்சு, அவ்வளவுதான்."

சரிதான். ஆனால் அந்த ஆசாரியின் கண்ணும் கையும் நம்பத்தக்கவை என்று நீ ஒத்துக்கொண்டால்தானே நகை வாங்குவாய்? 27 புத்தகத்துக்கு அந்த ஆசாரி வேண்டும். மற்றதெல்லாம் அவன் உளறியது என்றால் எப்படி?

என்னை ஆட்டிவைத்தது இதைவிடச் சின்ன விஷயம். மாற்கு 7:13, எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் மனப்பாடம்: 'உங்கள் பாரம்பரியத்தினால் தேவவசனத்தை அவமாக்குகிறீர்கள்.' ஆர்.சி.க்காரரோடு வாதம் வந்தால் முதலில் உருவுகிற வாள். 2 தெசலோனிக்கேயர் 2:15 அவ்வளவாக யாருக்கும் ஞாபகம் இருக்காது: 'வார்த்தையினாலாவது நிருபத்தினாலாவது, நாங்கள் உங்களுக்கு உபதேசித்த முறைமைகளைக் கைக்கொள்ளுங்கள்.' முதல் வசனத்தில் 'பாரம்பரியம்', இரண்டாவதில் 'முறைமை'. கிரேக்கத்தில் இரண்டும் ஒரே சொல், பரதோசிஸ். கையிலிருந்து கைக்குக் கொடுக்கப்பட்டது என்று அர்த்தம். திட்டுகிற இடத்தில் பாரம்பரியம் என்றும், கைக்கொள்ளச் சொல்கிற இடத்தில் முறைமை என்றும் நம் பழைய திருப்புதல் பிரித்துவிட்டது. வேண்டுமென்றே செய்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் பாரம்பரியம் என்ற சொல்லைக் கெட்ட வார்த்தையாகவே கேட்டு வளர்ந்த எனக்கு, பவுல் அதே சொல்லை நல்லதாகவும் சொல்லியிருக்கிறார் என்று தெரிய ஐம்பது வயதாகியிருக்கிறது. வேதத்தை மட்டும் வாசிக்கிறேன் என்று நினைத்து, மொழிபெயர்த்தவர்களின் காதைக் கடன் வாங்கித்தான் இத்தனை நாள் கேட்டிருக்கிறேன்.

மைனியின் ஊரைப் பாருங்கள். 1542இல் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது கையில் தமிழ் பைபிள் இல்லை, அப்படி ஒன்று உலகத்திலேயே இல்லை. மணி அடித்துக்கொண்டு தெருவில் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி, விசுவாசப் பிரமாணத்தையும் பரலோக மந்திரத்தையும் தமிழில் மனப்பாடம் செய்ய வைத்தார். தமிழில் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் அச்சாகி முடிந்தது 1715இல். நடுவில் 170 வருஷத்துக்கு மேல். இதற்கிடையே 1658இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்து, சேசு சபைக் குருக்களை விரட்டிவிட்டு, தங்கள் சீர்திருத்தச் சபைப் போதகர்களைக் கொண்டுவந்தார்கள். பரதவர் அந்தப் பக்கம் போகவில்லை. வாயில் இருந்த ஜெபமும் பனிமய மாதாவும்தான் அவர்களுக்குப் பிடி. அந்த 170 வருஷமும் அந்தக் கடற்கரையில் இருந்தவர்கள் கிறிஸ்தவர்களா, இல்லையா? தம்பியிடம் இதைக் கேட்டேன். அவன் பேச்சை மாற்றினான்.

இதுவரை வாசித்தவர்கள், இவன் ஆர்.சி.க்குப் போகப்போகிறான் என்று நினைத்திருப்பீர்கள். போகவில்லை. காரணம் வடக்கன்குளம்.

தேவசகாயம் பிள்ளை 1745இல் ஞானஸ்நானம் வாங்கிய ஊர் அது. 2022இல் அவர் புனிதரானபோது எங்கள் தெரு முழுக்க டி.வி. முன்னால்தான் உட்கார்ந்திருந்தது. அதே ஊரில் 19ஆம் நூற்றாண்டில் கட்டின கோயிலில், ஒரே பீடத்தைப் பார்த்தபடி இரண்டு காலாகப் பிரிந்த இரண்டு நடை. நடுவில் சுவர். ஒரு பக்கம் வெள்ளாளர், மறுபக்கம் நாடார். 1910இல் அந்தச் சுவரை இடித்தார்கள். உடனே வழக்கு. தனி இடம் எங்களுக்கு வழிவழியாக வந்த உரிமை, மாமூல், என்று வெள்ளாளர் தரப்பு கோர்ட்டுக்குப் போனது. கடைசியில் சென்னை உயர்நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

வழிவழியாக வந்தது. பரதோசிஸ். அந்தச் சொல் நம் ஊருக்கு வந்து இறங்கும்போது தனியாக இறங்குவதில்லை, சாதியையும் தோளில் தூக்கிக்கொண்டுதான் இறங்குகிறது. அப்பேர்ப்பட்ட சுவர் முன்னால் நின்று, 'யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை' என்று ஒற்றை வசனத்தைக் காட்டி, 'உன் மாமூல் எனக்கு வேண்டாம்' என்று சொல்லச் சபைக்கு மேலே ஒன்று வேண்டும். அதற்காகவே நான் வேதத்தை விடமாட்டேன். எங்கள் பக்கம் மட்டும் யோக்கியமா என்று கேட்காதீர்கள். நான் வேலை பார்த்த ஓர் ஊரில், எங்கள் சபைக் கல்லறைத் தோட்டத்திலேயே யாருக்கு எந்த மூலை என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் எழுதிவைக்கவில்லை. ஒரு சாவுக்குக் குழி தோண்டுகிற இடத்தில் நான் வாயைத் திறந்ததற்கு, 'இங்க இதுதான் வழக்கம் சார், நீங்க வெளியூரு' என்றார் ஒரு பெரியவர். அந்த வழக்கத்துக்கும் வசனம் கிடையாது. வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டே நாங்கள் அதைச் செய்தோம்.

வேதத்தை மட்டும் தூக்கிக்கொண்டு தனியே கிளம்பினவர்கள் இந்தச் சீமையில் புதிதில்லை. ரேனியஸ் ஐயர் என்ற மிஷனரி, லுத்தரன் முறையில் குருப்பட்டம் வாங்கி, ஆங்கிலிக்கன் மிஷனரிச் சங்கமான சி.எம்.எஸ்.ஸில் ஊழியம் செய்தவர். பேராயர் கை வைத்தால்தான் பட்டம் என்பதற்கு வேதத்தில் கட்டாயம் இல்லை என்பது அவர் கட்சி. ஆங்கிலிக்கன் முறைகளை விமரிசித்து எழுதினார், 1835இல் சங்கம் அவரை விலக்கியது. உபதேசியார்கள் பலர் அவர் பின்னால் போனார்கள், சபைகள் இரண்டுபட்டன. 1838இல் அவர் இறந்தபின் பெரும்பாலோர் திரும்பி வந்தார்கள். இன்று அவர் கட்டின ஊசிக்கோபுரம் பேராயரின் கதீட்ரல்! சரித்திரத்துக்கும் குசும்பு உண்டு.

அவரைவிட எனக்குப் பிடித்தவர் எங்கள் ஊருக்குப் பக்கத்து ஆள், சட்டாம்பிள்ளை என்ற அருமைநாயகம். மிஷனில் உபதேசியாராக இருந்தவர். வேலை போன கோபமும் இருந்தது, நாடார்களைப் பற்றி கால்டுவெல் 1849இல் வெளியிட்ட புத்தகத்தின்மேல் கோபமும் இருந்தது. வேதத்தைத் திறந்தார். ஓய்வுநாள் ஏழாம் நாள்தானே, ஞாயிற்றுக்கிழமைக்கு வசனம் எங்கே என்று வெள்ளைக்கார ஐயர்மாரையே மடக்கினார். 1857இல் பிரகாசபுரத்தில் இந்தியர்களுக்கென்று தனிச் சபை, சனிக்கிழமை ஆராதனை, பழைய ஏற்பாட்டு முறைகள். நீங்கள் கொண்டுவந்தது வேதம் இல்லை, ஐரோப்பிய வழக்கம் என்று மிஷனரிகளின் ஆயுதத்தை அவர்கள் மீதே திருப்பினார். சபாஷ் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அந்தச் சபைக்கும் நாளடைவில் ஒரு முறை வந்துவிட்டது, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு வழக்கம் வந்துவிட்டது. வராமல் இருக்குமா? அடுத்த தலைமுறை என்று ஒன்று இருக்கிறதே.

'வேதம் மட்டும்' என்று முதலில் சொன்னவர்களே இவ்வளவு தூரம் போகவில்லை. 1521இல் வோர்ம்ஸ் நகரில் லுத்தர், போப்பும் சங்கங்களும் தவறியிருக்கிறார்கள், வேதவாக்கியத்தாலோ தெளிவான நியாயத்தாலோ காட்டினால் ஒழிய மனம் மாறமாட்டேன் என்றார். ஆனால் விசுவாசப் பிரமாணத்தைத் தூக்கிப் போடவில்லை, குழந்தை ஞானஸ்நானத்தையும் விடவில்லை. கடைசித் தீர்ப்பு வேதத்துக்கு, மற்றச் சாட்சிகளையும் கேட்போம் என்பதே அவர் வழக்கு. சாட்சிக் கூண்டையே உடைத்துவிட்டு, நானும் என் பைபிளும் போதும் என்பது பிற்பாடு வந்த பழக்கம். ரோமாபுரிப் பக்கமும் சும்மா இருக்கவில்லை. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், வேதாகமம் விசுவாசிகள் எல்லாருக்கும் எட்டும்படி திறந்திருக்க வேண்டும் என்று எழுதியது. எங்கள் ஆச்சி அதற்கு ரொம்ப முன்னாலேயே, அஞ்சாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு, சங்கீதம் முழுக்கத் தலைகீழாகச் சொல்வாள். அது எங்கள் பக்கத்தின் பெருமை. அதை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

அதே ஆச்சி, வேதத்தை வாசித்தும் புரியாத எத்தியோப்பிய மந்திரி கதையைச் சொல்லும்போது ஒரு வரியில் நிறுத்துவாள். 'ஒருவன் எனக்குத் தெரிவிக்காவிட்டால் அது எனக்கு எப்படித் தெரியும்?' அந்த மந்திரி கேட்கிற மாதிரியே கேட்பாள், ரதத்தில் அவளே உட்கார்ந்திருப்பது போல.

தம்பிக்கு நான் சொல்வது இவ்வளவுதான். நீயும் மரபுக்காரன்தான்டே. உன் சபையில் தாலி கிடையாது, நகை கிடையாது. பேதுரு நிருபத்தைக் காட்டுவாய், சரி. மாப்பிள்ளையும் பெண்ணும் பைபிள் மாற்றிக்கொள்கிறீர்களே, அதற்கு வசனம் எங்கே? வெள்ளை வேட்டிக்கு எங்கே? வருஷா வருஷம் எங்கள் கோயில் பிரதிஷ்டைப் பண்டிகைப் பொதுவிருந்தான அசனத்துக்குத் தூக்குவாளியோடு வந்து, ஆட்டுக்கறிச் சோறு வாங்கிக்கொண்டு போகிறாயே, அந்த அசனத்துக்கு எங்கே வசனம்? ஒரு வருஷமாவது கேட்டிருப்பாயா?

இதை நேரிலும் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தான். "அப்போஸ்தலர் ரெண்டு, நாப்பத்தாறு. வீடுகள்தோறும் அப்பம்பிட்டு, மகிழ்ச்சியோட போஜனம்பண்ணினாங்க" என்றான். பாவி, அதற்கும் வசனம் வைத்திருக்கிறான்.

தை மாசம் அவன் மகளுக்குக் கல்யாணம். பைபிள் மாற்றுகிற கல்யாணம்தான். எல்லாரும் போகிறோம். மைனி நகை போட்டுக்கிட்டுத்தான் வருவாவளாம்.