டவுனுக்கு யார் வருகிறார்கள்?

போன வாரம் அண்ணன் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். அண்ணன் மகளுக்குத் தை மாதம் கல்யாணம். புடவை எங்கே எடுப்பது என்று பேச்சு வந்தது. "டவுனுக்குப் போய்ப் பார்க்கலாமே" என்றேன். "டவுனுக்கா? வேண்டாம் அத்தை, பயமா இருக்கும்" என்றாள். அவளுக்கு 26 வயது. தென்னாப்பிரிக்காவில், இதே டர்பனில் பிறந்து, டர்பனில் படித்து, டர்பனில் வேலை பார்ப்பவள். நாங்கள் டவுன் என்று சொல்கிற நடு நகரத்தில், இந்தியர் கடைத்தெருவான கிரே ஸ்ட்ரீட்டில் ஒரு தடவைகூட இறங்கி நடந்ததில்லையாம். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் அந்தத் தெருவில் ஒரு துணிக்கடையில் 33 வருடம் வேலை பார்த்தவள். 1988-இல் சேர்ந்தேன். 2021 ஜூலைக் கலவரத்தில் கடையைச் சூறையாடினார்கள். முதலாளிக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகள் வெளிநாட்டில். மறுபடி திறக்கவில்லை. ஷட்டர் இன்னும் இறங்கித்தான் இருக்கிறது.

எங்கள் கடைக்குப் பின்பக்கம் ஓர் அலமாரி முழுக்க லே-பை பொட்டலங்கள் இருக்கும். இளையவர்களுக்கு இது தெரியாமல் இருக்கலாம். பிடித்த துணியை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, மாதா மாதம் இருபது ரேண்ட், முப்பது ரேண்ட் என்று கட்டுவார்கள். முழுப்பணமும் கட்டி முடித்ததும் பொட்டலத்தை வாங்கிப் போவார்கள். வட்டி கிடையாது. சம்பளச் சீட்டு கேட்க மாட்டோம். ஒரு தடித்த நோட்டுப் புத்தகம், ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். இந்தியர்கள் குடியிருக்கும் சாட்ஸ்வொர்த்திலிருந்து வரும் அம்மா மகளின் சடங்குக்குப் பட்டுப்பாவாடை எடுத்து வைத்திருப்பார். அதே பக்கத்தில் அடுத்த வரியில் ஜூலு மக்கள் குடியிருக்கும் உம்லாசியிலிருந்து வரும் ஒரு கோகோ, பேத்தி கல்யாணத்துக்கு ஷ்வெஷ்வெ என்கிற அச்சடித்த பருத்தித் துணி எடுத்து வைத்திருப்பார். ஜூலுப் பாட்டிமாரை நாங்கள் கோகோ என்றுதான் கூப்பிடுவோம். அவர்களிடம் பேசிப் பேசித்தான் எனக்கு ஜூலு வந்தது. மாதக் கடைசி வெள்ளிக்கிழமை என்றால் மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரம் இருக்காது. கால் ரொட்டியைக் குடைந்து பீன்ஸ் கறி ஊற்றித் தருவார்களே, அந்த குவார்ட்டர் பீன்ஸை வாங்கிவந்து பின்கட்டில் நின்றபடியே சாப்பிடுவோம்.

புடவைக் கடைகள் பெரும்பாலும் குஜராத்தி முதலாளிகளுடையவை. நம்மவர்கள் டவுனுக்குள் வந்த வழி வேறு. கரும்புத் தோட்ட ஒப்பந்தம் முடிந்ததும் துண்டு நிலம் குத்தகைக்கு எடுத்துக் கீரையும் காய்கறியும் போட்டார்கள். விடியுமுன் கூடையைத் தலையில் வைத்துக் கொண்டுவந்து கிரே ஸ்ட்ரீட் மசூதி வளாகத்தில் விற்றார்கள். அப்புறம் தெருவோரத்தில் விற்றார்கள். 1934-இல் வார்விக் பக்கம் ஏர்லி மார்னிங் மார்க்கெட் கட்டடம் வந்தது. எங்கள் ஆயா, அதாவது பாட்டி, அங்கே கொத்தமல்லியும் கறிவேப்பிலையும் விற்றவர். அவர் கையில் எப்போதும் கறிவேப்பிலை வாசனை அடிக்கும் என்று அம்மா சொல்வார். விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட் 1973-இல் தீயில் எரிந்தது. மசாலாக் கடைக்காரர்கள் பல வருடம் தற்காலிகக் கொட்டகைகளில் கடை நடத்தினார்கள். ஆனாலும் ஜனம் வந்துகொண்டேதான் இருந்தது.

அப்படியானால் எப்போது வராமல் போனோம்? எல்லோரும் நிறவெறி ஆட்சி முடிந்த 1994-க்குப் பிறகு நடந்ததையே சொல்கிறார்கள். நான் அதற்கு முன்னாலிருந்து பார்க்கிறேன். 1950-இல், எந்த இனத்தவர் எங்கே குடியிருக்கலாம், எங்கே கடை வைக்கலாம் என்று பிரித்துவைக்கிற குரூப் ஏரியாஸ் சட்டம் வந்தது. நகராட்சித் தொழிலாளிகளாக இருந்த தமிழ், தெலுங்குக் குடும்பங்கள் மேகசின் பாரக்ஸில் குடியிருந்தன, டவுனுக்கு நடந்தே போகும் தூரத்தில். 1960-களில் அவர்களை அள்ளிக்கொண்டுபோய் சாட்ஸ்வொர்த்தில் போட்டார்கள். டவுன் சுமார் 20 கிலோமீட்டர் தள்ளிப் போயிற்று. கிரே ஸ்ட்ரீட் கடைக்காரர்களுக்கோ இந்த இடம் நமக்கா இல்லையா என்று பல வருடம் தெரியவே இல்லை. நாளைக்கு வெளியேற்றுவார்களோ என்ற பயத்தில் இருக்கிறவன் கட்டடத்துக்குப் பெயிண்ட் அடிப்பானா? இன்றைக்கு நாம் பார்க்கிற உளுத்த பால்கனிகள் சில அப்போதே உளுக்க ஆரம்பித்தவை.

பிறகு சுதந்திரம் வந்தது, எங்கே வேண்டுமானாலும் குடியிருக்கலாம் என்றானது. கையில் காசு வந்தவர்கள் கார் வாங்கினார்கள். 1993-இல் வெஸ்ட்வில்லில் பெவிலியன், 2001-இல் உம்ஹ்லாங்காவில் கேட்வே என்று மால்கள் வந்தன. அலுவலகங்களும் வடக்குப் பக்கம் போயின. மதியச் சாப்பாட்டுக்கும், சம்பள நாளில் ஒரு சட்டைத் துணிக்கும் இறங்கி வந்த கூட்டம் அவற்றோடு போய்விட்டது. அப்புறம் கோவிட். 2021 கலவரத்தில் எங்கள் குவாசூலு-நட்டால் மாகாணத்திலும் கௌடெங் மாகாணத்திலும் 350-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். மறு வருடம் ஏப்ரலில் வெள்ளம். இப்போது போனில் தட்டினால் வாசலில் வந்து இறங்குகிறது. 2024-இல் அமேசானும் இங்கே கடை திறந்துவிட்டது.

மாலுக்குப் போகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நானும் போகிறேன். கழிப்பறை சுத்தமாக இருக்கிறது, கைப்பையை நெஞ்சோடு இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. டவுனில் ஒருமுறை பஸ் ஸ்டாப்பில் நின்றபோது என் கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடினான் ஒருவன். அந்தப் பயம் பொய் என்று யாரிடமும் சொல்ல மாட்டேன்.

ஆனால் நம் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் ஒரு பேச்சை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. "வெளிநாட்டுக்காரர்களும் பிளாட்பாரக் கடைக்காரர்களும் வந்துதான் டவுன் நாறிப்போச்சு" என்பது. 1897-இல் நட்டால் அரசு ஒரு வியாபார லைசென்ஸ் சட்டம் போட்டது. அதிகாரி லைசென்ஸ் இல்லை என்று சொல்லிவிட்டால் கோர்ட்டுக்குப் போய் அப்பீல் செய்ய முடியாது. காரணமாக எதைக் காட்டினார்கள் தெரியுமா? கடை சுகாதாரமாக இல்லை, கணக்கு இங்கிலீஷில் எழுதவில்லை. இந்திய வியாபாரிகளைத் துரத்தப் போட்ட சட்டம் அது. நம் கொள்ளுப்பாட்டன்மாரைப் பார்த்து அழுக்கு என்றார்கள். அதே வார்த்தையை இன்று மலாவியிலிருந்தும் காங்கோவிலிருந்தும் வந்து தையல் மிஷின் போட்டு உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து நாம் சொல்வதா? குப்பை அள்ளாதது யார் வேலை, விளக்கு எரியாதது யார் பொறுப்பு என்றல்லவா கேட்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டவுன் காலியாகக் கிடக்கிறது என்று நினைப்பவர்கள் ஒருநாள் காலை ஆறு மணிக்கு வார்விக் ஜங்ஷனில் போய் நில்லுங்கள். பெரேயா ரயில் நிலையம், பஸ்கள், டாக்ஸி நிலையங்கள் எல்லாம் அங்கே வந்து சேர்கின்றன. ஒரு நாளைக்குச் சுமார் 4 லட்சத்து 60 ஆயிரம் பேர் அந்த வழியாகப் போவதாகக் கணக்கு. ஆயிரக்கணக்கானவர்கள் அங்கே விற்றுப் பிழைக்கிறார்கள். பெரிய டிரம்மில் சோளம் அவிக்கிறவர்கள், மாட்டுத் தலை வேகவைக்கிறவர்கள், பாசிமணி கோக்கிறவர்கள், பாதியில் நின்றுபோன மேம்பாலத்தின் மேல் மூலிகை விற்கிறவர்கள். எந்த மால் இவ்வளவு கூட்டத்தைப் பார்க்கும்? டவுனுக்கு ஆள் வருகிறது. வராதது கார் வைத்திருக்கிற நாம்தான். இத்தனை வருடமாக டவுனை மீட்கிறோம் என்று போடுகிற திட்டங்களில் பல, கார்க்காரரை எப்படித் திரும்பக் கொண்டுவருவது என்றே யோசிக்கின்றன. ஏற்கெனவே நடந்து வருகிறவருக்கு என்ன செய்யலாம் என்று யோசிப்பது குறைவு.

2009-இல் நடந்தது நினைவிருக்கிறதா? உலகக் கோப்பை கால்பந்துக்கு முன்னால் ஏர்லி மார்னிங் மார்க்கெட்டை இடித்துவிட்டு மால் கட்ட நகராட்சி திட்டம் போட்டது. நூறு வருடத்தை நெருங்கிக்கொண்டிருந்த மார்க்கெட் வியாபாரம். நம்ம காய்கறிக்காரர்களும் ஜூலு வியாபாரிகளும் சேர்ந்து தெருவில் நின்றார்கள், கோர்ட்டுக்கும் போனார்கள். கடைசியில் திட்டம் கைவிடப்பட்டது. அந்த மால் வந்திருந்தால் ஸ்டேஷனிலிருந்து இறங்குகிற கூட்டம் நேராக அதற்குள் போயிருக்கும். ஆயா உட்கார்ந்த மேடையும் போயிருக்கும், வெளியே இருக்கிற கடைகளும் வாடியிருக்கும்.

சரி, என்ன செய்யலாம்? 33 வருடம் கவுண்டருக்குப் பின்னால் நின்று பார்த்ததைச் சொல்கிறேன். மாலில் விளக்கு, காவல், துப்புரவு, கழிப்பறை, கடை திறக்கிற நேரம் எல்லாவற்றையும் ஒரே நிர்வாகம் பார்க்கிறது. தெருவில் ஐம்பது கட்டடத்துக்கு ஐம்பது சொந்தக்காரர்கள். பக்கத்துக் கடைக்காரர் பெருக்கட்டும் என்று ஒவ்வொருவரும் காத்திருப்பார்கள். எங்கள் கடை மாடியில் லிஃப்ட் நின்றுபோய் எட்டு வருடம் ஆனது. கட்டடச் சொந்தக்காரரை யாரும் பார்த்ததே இல்லை. வாடகை வாங்க மட்டும் ஓர் ஏஜெண்ட் வருவார்.

இதற்கு நம் நாட்டுச் சட்டத்திலேயே ஒரு வழி இருக்கிறது. 2004 சொத்துவரிச் சட்டப்படி, ஒரு வட்டாரத்துச் சொந்தக்காரர்களில் பெரும்பான்மையோர் சம்மதித்தால் கூடுதலாகக் கொஞ்சம் வரி கட்டலாம். அந்தப் பணத்தை அந்த வட்டாரத்துக்கே செலவு செய்ய வேண்டும். கேப்டவுன் நடு நகரத்தில் 2000-இலிருந்தே இப்படி ஒரு மேம்பாட்டு வட்டாரம் இயங்குகிறது. கிரே ஸ்ட்ரீட், விக்டோரியா ஸ்ட்ரீட், குயின் ஸ்ட்ரீட் சேர்ந்த வட்டாரத்துக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்பது என் எண்ணம். ஆனால் ஒரு நிபந்தனை. இப்படி வைக்கிற தனியார் காவலர்கள் முதலில் விரட்டுவது பிளாட்பாரக்காரரைத்தான். அதனால் முடிவெடுக்கிற மேஜையில் பிளாட்பார வியாபாரிகளுக்கும் நாற்காலி வேண்டும். தெருவில் கண்ணாக இருப்பவர்கள் அவர்கள். என் சங்கிலியை அறுத்தபோது கத்திக்கொண்டு பின்னால் ஓடியது சோளம் விற்ற ஓர் அம்மா.

மேல்மாடிகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கீழே கடை, மேலே குடும்பம் என்றுதான் அந்தத் தெரு கட்டப்பட்டது. ராத்திரி எட்டு மணிக்கும் ஜன்னலில் வெளிச்சம் இருக்கும், யாராவது எட்டிப் பார்ப்பார்கள். இன்றும் மேலே ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு ஃபிளாட்டை அட்டையால் தடுத்து நான்கைந்து குடும்பம், ஒரே குழாய். 2023 ஆகஸ்டில் ஜொஹானஸ்பர்க்கில் உசின்டிசோ கட்டடம் எரிந்து 76 பேர் செத்தது இப்படிப்பட்ட நெருக்கடியில்தான். அந்தக் கட்டடம் அந்த நகராட்சிக்கே சொந்தம். கட்டடத்தைக் கவனிக்காத சொந்தக்காரரிடம் நகராட்சி கறாராக நடக்கட்டும். ஒழுங்காகப் பழுது பார்த்து நியாய வாடகைக்கு விடுகிறவருக்கு வரியில் தள்ளுபடி கொடுக்கட்டும். மேலே மனிதர் மாதிரி வாழ முடிந்தால் கீழே பால், ரொட்டி, நூல், பள்ளிச் சீருடை எல்லாம் தானாக விற்கும்.

அப்புறம் கழிப்பறை. இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். சுத்தமான, காவலிருக்கிற பெண்கள் கழிப்பறை இல்லாத இடத்தில் ஒரு பெண் எவ்வளவு நேரம் கடை பார்ப்பாள்? ஒரு மணி நேரத்தில் வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள். எங்கள் கடையில் வாடிக்கையாளர்களுக்குப் பின்கட்டுக் கழிப்பறையைத் திறந்துவிடுவோம். அதற்காகவே வந்து, இரண்டு மீட்டர் துணி வாங்கிப்போனவர்கள் உண்டு. விளக்கும் சாயங்கால பஸ்ஸும் அப்படித்தான். ஐந்து மணிக்கு மேல் பஸ் கிடைக்குமா என்ற கவலை இருந்தால் நான்கு மணிக்கே கடைத்தெரு அடங்கிவிடும்.

தெருப் பெயர்களை இன்னும் பழைய பெயரிலேயே எழுதிக்கொண்டிருக்கிறேன், வாய்க்குப் பழகிவிட்டது. 2008-இல் அவை மாறிவிட்டன. கிரே ஸ்ட்ரீட் இப்போது டாக்டர் யூசுப் டாடூ தெரு. கமர்ஷியல் ரோடு டாக்டர் எக்ஸுமா தெரு. பைன் ஸ்ட்ரீட் மாண்டி நாயக்கர் சாலை. 1947-இல் ஒப்பந்தம் செய்துகொண்டு இந்தியர்களும் ஆப்பிரிக்கர்களும் சேர்ந்தே போராடுவோம் என்று கையெழுத்துப் போட்டார்களே, அந்த மூன்று டாக்டர்கள். மூவர் பெயரும் சில தெருக்கள் தூரத்துக்குள் இருக்கின்றன. பக்கத்திலேயே, சத்தியாகிரகத்தில் சிறைக்குப் போன டாக்டர் குணம் பெயரில் ஒரு தெரு. பிள்ளைகளை அங்கே நடத்திக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். தமிழ்ச் சங்கங்களும் கோயில் கமிட்டிகளும் வருடத்தில் ஒரு நாளாவது ஒரு நிகழ்ச்சியை அங்கே வைக்கலாம். புரட்டாசிக்கும் காவடிக்கும் வேண்டிய பூஜைச் சாமான், குத்துவிளக்கு, மஞ்சள் துணி எல்லாம் டவுனில் இன்னும் கிடைக்கிறது. மாதம் ஒரு சனிக்கிழமை, கூட்டமாகச் சேர்ந்து, பகலில் போனாலே போதும்.

கடைசியில் அண்ணன் மகள் சம்மதித்துவிட்டாள். கல்யாணத்துக்கு ஆறு ரவிக்கை தைக்க வேண்டும். பக்கத்து ஆர்கேடில் ஒரு தையல்காரர் இருக்கிறார், மலாவிக்காரர். முன்பு எங்கள் கடைக்குத் தைத்துக் கொடுத்த தமிழ்ப் பெரியவரிடம் உதவியாளாகச் சேர்ந்தவர். பெரியவர் காலமான பிறகு மிஷினை இவர் வைத்துக்கொண்டார். கழுத்து அளவு எடுக்கும்போது "குனியாதீங்கம்மா" என்று தமிழில்தான் சொல்வார். வருகிற சனிக்கிழமை காலை எட்டரை மணி பஸ்ஸில் போகிறோம். சாட்ஸ்வொர்த்திலிருந்து யாராவது வருவதாக இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே போவோம்.